கேர்ட்ரூட் எலியனும் நியூக்கிளியோசைட்டு மருந்துகளின் வரலாறும்

அக்கி கண்டவர் இன்று வைத்தியசாலைக்குப் போனால் ஏசைக்ளோவிர் குளிசைகளோடு வீடு திரும்புகிறார். வைரசினால் மூளை அழற்சி கண்ட பிள்ளைக்கு அதே மருந்து நாளத்தினூடாக ஏற்றப்படுகிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய் உரிய காலத்தில் மருந்தெடுத்தால், தொற்றில்லாத பிள்ளையைப் பெற்றெடுக்க முடிகிறது. ஈரலைத் தாக்கும் ‘சி’ வகை வைரசு சில கிழமைச் சிகிச்சையில் உடலை விட்டே நீங்குகிறது. இந்தச் சிகிச்சைகளில் நியூக்கிளியோசைட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த மருந்துகள் முக்கிய இடம் பெறுகின்றன. அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் பெயர்களில் ஒன்று, கலாநிதிப் பட்டப் படிப்பை முடிக்காத ஒரு பெண்ணுடையது.

நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று கேட்கப்பட்டபோது, கல்லூரியின் வரலாற்றை என்னிலும் நன்கறிந்த அக்காமார் அதனை எழுதுவார்கள் என்பதால் நான் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டேன். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கேர்ட்ரூட் எலியன் பெண்களுக்கான ஒரு கல்லூரியின் பழைய மாணவி. அக்கல்லூரி கட்டணம் அறவிடாததனாலேயே அவரால் படிக்க முடிந்தது. மற்றையது, அவரும் அவரது சகாக்களும் தொடங்கிய வேலையில் ஒரு பகுதி இன்னும் முடியாமலே இருக்கிறது. அந்தப் பகுதிக்கும் எமது நாட்டுக்கும் நேரான தொடர்பு உண்டு.

ஹன்டர் கல்லூரி மாணவி

எலியன் 1918 ஜனவரி 23ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். தந்தை லித்துவேனியாவிலிருந்து சிறுவனாக வந்து பல் வைத்தியரானவர். தாயும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்தவர். 1929ஆம் ஆண்டின் பங்குச் சந்தை வீழ்ச்சியில் தந்தை சேமிப்பை இழந்தார். எலியனுக்கு 15 வயதாக இருக்கையில், அவர் பெரிதும் நேசித்த பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் துன்பப்பட்டு இறந்தார். அந்த மரணத்தைக் கண்ட பிறகே, நோய்க்கு மருந்து தேடும் படிப்பைப் படிப்பதென்று அந்தப் பிள்ளை முடிவுசெய்தது.

வீட்டில் பணமில்லை. ஆனால் நியூயோர்க் நகரம் நடத்திய ஹன்டர் கல்லூரியில், நல்ல புள்ளி பெற்ற பெண்பிள்ளைகள் கட்டணமின்றிப் படிக்கலாம். 1933இல் அங்கு சேர்ந்த எலியன், 1937இல் தமது 19ஆவது வயதில் இரசாயனவியலில் அதிசிறப்புடன் பட்டம் பெற்றார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே கல்லூரியில் பௌதிகவியலில் பட்டம் பெற்ற இன்னொரு பெண் ரோசலின் யாலோ. பின்னாளில் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கட்டணமில்லாத பெண்கள் கல்லூரியொன்றிலிருந்து சில ஆண்டு இடைவெளிக்குள் வெளியேறிய இருவர் அவர்கள். 1945இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கைக்குக் கிடைத்த இலவசக் கல்வியின் பெறுமதியை அளக்க இதுவும் ஓர் அளவுகோல்.

மூடிய கதவுகள்

பட்டம் கையில் இருந்தது, வேலை கிடைக்கவில்லை. பட்டப்பின் படிப்புக்கு உதவிப் பணம் கேட்டு 15 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றிலிருந்தும் உதவி வரவில்லை. நேர்முகப் பரீட்சையொன்றில், தகுதி போதுமென்றாலும் ஆய்வுகூடத்தில் ஒரு பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று கூறி அனுப்பிவிட்டார்கள். செயலாளர் வேலைக்கான வகுப்பொன்றில் சேர்ந்து ஆறு கிழமை தட்டச்சு பழகினார். தாதியருக்கு உயிர் இரசாயனவியல் கற்பிக்கும் மூன்று மாத வேலை கிடைத்ததும் அந்த வகுப்பை விட்டார். பிறகு ஒரு இரசாயனவியலாளரின் ஆய்வுகூடத்தில், வேலை பழகுவதற்காகச் சம்பளமின்றியே உதவியாளராகச் சேர்ந்தார். ஒன்றரை ஆண்டின் பின் அங்கிருந்து விலகும்போது கிழமைக்கு 20 டொலர் பெற்றார்.

அந்தச் சேமிப்போடு நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பில் சேர்ந்தார். இரசாயன வகுப்பில் அவர் ஒருவரே பெண். பகலில் உயர்நிலைப் பாடசாலைகளில் பதில் ஆசிரியையாகக் கற்பித்து, இரவிலும் வாரவிடுமுறையிலும் ஆய்வு செய்து 1941இல் பட்டம் பெற்றார். அவருக்கு மணம் பேசி நிச்சயித்திருந்த இளைஞர் அதே ஆண்டில், இருதயத்தின் உட்சவ்வில் ஏற்பட்ட பக்டீரியாத் தொற்றினால் இறந்தார். சில ஆண்டுகளுக்குள் பெனிசிலின் பரவலாகக் கிடைத்தபோது, அந்நோய் குணமாக்கக்கூடியதாயிற்று. எலியன் பின்னர் திருமணம் செய்யவேயில்லை.

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குச் சென்றபின் ஆய்வுகூடங்களில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. முதலில் உணவுக் கம்பனியொன்றில், ஊறுகாயின் புளிப்பையும் மயோனைசில் சேரும் முட்டை மஞ்சளின் நிறத்தையும் சோதிக்கும் வேலை. கற்றுக்கொள்ள இனி எதுவுமில்லை என்றானதும் அதனை விட்டார். 1944இல், நியூயோர்க்குக்கு அண்மையிலுள்ள டக்கஹோ என்ற சிற்றூரில் பரோஸ் வெல்கம் மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரின் உதவியாளராகச் சேர்ந்தார். கிழமைச் சம்பளம் 50 டொலர்.

ஹிச்சிங்ஸின் யோசனை

அக்காலத்தில் புதிய மருந்துகள் பெரும்பாலும் தற்செயலாகவே கிடைத்தன. ஆயிரம் பொருட்களைச் சோதித்தால் ஒன்று வேலை செய்யும். ஏன் வேலை செய்தது என்பது பிறகும் விளங்காது. ஹிச்சிங்ஸ் மறுபக்கத்திலிருந்து தொடங்கினார். 1940இல் டொனால்ட் வூட்ஸ் என்ற பிரித்தானிய ஆய்வாளர், சல்பா மருந்துகள் பக்டீரியாவுக்குத் தேவையான ஒரு சத்தைப் போலவே தோற்றமளிப்பதால்தான் அதனை மயக்குகின்றன என்று காட்டியிருந்தார். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இது நொதியங்களின் போட்டித் தடுப்பு என்ற பெயரில் ஞாபகமிருக்கும். இதே உபாயத்தை நியூக்கிளிக்கமிலங்களில் பிரயோகித்தால் என்ன என்பதே ஹிச்சிங்ஸின் கேள்வி. பெருகும் கலம் எதுவாயினும் அதற்கு நியூக்கிளிக்கமிலம் வேண்டும். பக்டீரியாவும் புற்றுக்கலமும் ஒட்டுண்ணியும் வேகமாகப் பெருகுபவை. வைரசும் தான் புகுந்த கலத்தைக்கொண்டு தன் நியூக்கிளிக்கமிலத்தை வேகமாகப் படியெடுப்பது.

எலியன் சேர்ந்த ஆண்டில், டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. அதில் பியூரின், பிரிமிடின் என்ற இருவகை மூலங்கள் இருப்பது தெரிந்திருந்தது. பியூரின் பகுதி எலியனிடம் ஒப்படைக்கப்பட்டது.

இந்த இடத்தில் நியூக்கிளியோசைட்டு என்பதை விளக்கிவிட்டு அப்பால் செல்வது நல்லது. அடினின், குவானின் போன்ற ஒரு மூலத்தோடு ஒரு வெல்ல மூலக்கூறு சேர்ந்தால் அது நியூக்கிளியோசைட்டு. அதனோடு பொசுபேற்று சேர்ந்தால் நியூக்கிளியோதைட்டு. நியூக்கிளியோதைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு வருவதே டீ.என்.ஏ.யும் ஆர்.என்.ஏ.யும். யாழ்தேவியின் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு கொளுவி, பின்னால் ஒரு கொளுவி. முன்கொளுவி சரியாக அமைந்து, பின்கொளுவி இல்லாத ஒரு பெட்டியை நடுவில் கோத்துவிட்டால், அதற்கு மேல் ஒரு பெட்டியும் சேராது. எலியனின் குழுவினர் பிற்காலத்தில் வைரசுக்குக் கொடுத்தது இப்படியொரு பெட்டியைத்தான். ஆனால் அதைக் கண்டடைய முப்பது ஆண்டுகள் சென்றன.

இந்த ஆரம்ப ஆண்டுகளில் எலியன் இரவில் புகையிரதமேறி புரூக்ளினில் கலாநிதிப் படிப்புக்குச் சென்றுவந்தார். இரண்டு ஆண்டுகளின் பின், வேலையை விட்டு முழுநேர மாணவியாக வந்தால்தான் தொடரலாம் என்று சொன்னார்கள். அவர் வேலையைத் தெரிந்தெடுத்தார். பட்டம் பின்னர் பல பல்கலைக்கழகங்களிலிருந்து கௌரவமாக வந்து சேர்ந்தது.

குருதிப் புற்றுநோயிலிருந்து சிறுநீரகம் வரை

பியூரினின் ஓர் ஒட்சிசன் அணுவை எடுத்துவிட்டு அவ்விடத்தில் கந்தக அணுவை வைத்து, 1951 அளவில் எலியன் உருவாக்கியது 6-மேர்கப்டோபியூரின். குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் அக்காலத்தில் சில மாதங்களுக்கு மேல் வாழ்வதில்லை. இந்த மருந்தால் பலர் எழுந்து விளையாடினார்கள். ஆனால் ஓராண்டளவில் நோய் திரும்பி வந்து பலரைக் கொண்டுபோனது. மருந்து 1953இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கும் முறை வளர்ந்தபின், வசதியுள்ள நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள். அந்தக் கூட்டில் 6-மேர்கப்டோபியூரின் இன்றும் உண்டு.

அதன் மாற்று வடிவமான அசதயோபிரின் உடலின் நோயெதிர்ப்பை அடக்குவது தெரியவந்தது. 1962இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஜோசப் மரே, உறவல்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றிகண்டது அந்த மருந்தின் துணையோடுதான். 6-மேர்கப்டோபியூரின் உடலில் சிதைவதைத் தடுப்பதற்கென ஆராயப்பட்ட அலோபியூரினோல், அந்த வேலைக்கு அதிகம் பயன்படாமல் கௌட் எனப்படும் மூட்டு நோய்க்கு மருந்தாயிற்று. இதே ஆய்வுகூடத்தில் எல்வைரா ஃபல்கோ முதலானோர் பிரிமிடின் பக்கத்தில் செய்த வேலையிலிருந்து, மலேரியாவுக்கு எதிரான பைரிமெதமின் வந்தது. அலோபியூரினோலின் பெயரை மறந்துவிட வேண்டாம். கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வரும்.

வைரசின் கையாலேயே

வைரசுக்கு மருந்தே இருக்க முடியாது என்பது 1960கள் வரை பெரும்பாலான வைத்தியர்களின் நம்பிக்கை. வைரசு எமது கலத்துக்குள் புகுந்து, எமது நொதியங்களைக்கொண்டே பெருகுகிறது. அதைக் கொல்லும் நஞ்சு எம்மையும் கொல்லாதா என்பது அவர்கள் கேள்வி. அது நியாயமான கேள்வியே. 1959இல் வில்லியம் புருசொஃப் உருவாக்கிய ஐடொக்சியூரிடின் என்ற நியூக்கிளியோசைட்டு, கண்ணில் ஏற்படும் ஹேர்ப்பிஸ் புண்ணை ஆற்றியது. ஆனால் கண்ணில் துளியாக விடலாமேயன்றி உடலுக்குள் செலுத்த முடியாதளவுக்கு அது நச்சுத்தன்மை கொண்டது.

கடலிலிருந்து ஒரு வழி கிடைத்தது. வேர்ணர் பேர்க்மன் என்பவர் கரிபியன் கடற்பஞ்சு ஒன்றிலிருந்து, வழமையான றைபோசுக்குப் பதிலாக அரபினோசு என்ற வெல்லத்தைக் கொண்ட நியூக்கிளியோசைட்டுகளைப் பிரித்தெடுத்து 1950களின் தொடக்கத்தில் வெளியிட்டார். இதனைப் பின்பற்றி இரசாயனவியலாளர்கள் அடினினோடு அரபினோசைச் சேர்த்தார்கள். அந்தப் பொருள் வைரசைத் தடுக்கிறதென்ற செய்தி 1968இல் எலியனின் கவனத்துக்கு வந்தது. டையமினோபியூரின் வைரசொன்றைத் தடுப்பதை அவர் 1948இலேயே கண்டு, அதன் நச்சுத்தன்மை காரணமாக ஒதுக்கி வைத்திருந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்த இடத்திலிருந்து அதனை மீண்டும் எடுத்தார். டையமினோபியூரினோடு அரபினோசைச் சேர்த்து, இங்கிலாந்திலுள்ள வெல்கம் ஆய்வுகூடத்தில் ஜோன் பவர் என்பவருக்கு அனுப்பினார். ஹேர்ப்பிஸ் வைரசுக்கு எதிராக அது நன்றாக வேலை செய்கிறதென்று பதில் வந்தது.

1970இல் ஆய்வுகூடம் வட கரோலினா மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கு சேர்ந்த ஹவார்ட் ஷேஃபர், வெல்லத்தின் வளையம் முழுவதும் வேண்டுமா, அதன் ஒரு துண்டு போதாதா என்ற கேள்வியை எடுத்துவந்தார். குவானினோடு, வளையமாக மூடாத ஒரு சிறு சங்கிலியை மட்டும் இணைத்தபோது கிடைத்ததே ஏசைக்ளோவிர். வைரசுக்கு எதிரான அதன் வலு முன்னையவற்றை விடப் பல மடங்கு கூடியது. கலத்துக்கோ ஏறத்தாழத் தீங்கே இல்லை.

இது எப்படி என்பதைக் கண்டுபிடிக்க எலியனின் குழு சில ஆண்டுகள் உழைத்தது. விடையில் அழகானதொரு வியப்பு இருந்தது. ஏசைக்ளோவிர் மருந்தாக வேலை செய்ய அதனோடு மூன்று பொசுபேற்றுகள் சேரவேண்டும். முதலாவதைச் சேர்க்கும் நொதியம் எமது ஆரோக்கியமான கலத்தில் இல்லையென்றே சொல்லலாம். ஹேர்ப்பிஸ் வைரசோ தன் தேவைக்காகத் தைமிடின் கைனேசு என்ற நொதியத்தைத் தானே உருவாக்குகிறது. ஜேம்ஸ் ஃபைஃப் அதனைப் பரிசோதித்தபோது, தைமிடினுக்கென அமைந்த அந்த நொதியம், குவானின் வகையைச் சேர்ந்த ஏசைக்ளோவிரையும் தன்னுடையதென எண்ணி முதற் பொசுபேற்றைச் சேர்ப்பது தெரிந்தது. மற்ற இரண்டையும் கலத்தின் நொதியங்கள் சேர்க்கின்றன. பிறகு வைரசின் டீ.என்.ஏ.யைக் கோக்கும் நொதியம், இதனைப் பெட்டியென்று எடுத்துக் கோக்கிறது. பின்கொளுவி இல்லாததால் வண்டி அவ்விடத்திலேயே நின்றுவிடுகிறது.

வைரசு இல்லாத கலத்தில் மருந்து உறங்கிக் கிடக்கும். வைரசு புகுந்த கலத்தில் வைரசே அதனை எழுப்பித் தன்னை அழித்துக்கொள்ளும். இவ்வாய்வு 1977இல் வெளிவந்தது. 1980களின் ஆரம்பத்தில் மருந்து பாவனைக்கு வந்தது. சிகிச்சையில்லாமல் விட்டால் பத்தில் ஏழு பேரைக் கொல்லும் ஹேர்ப்பிஸ் மூளை அழற்சியில், இதனால் மரணங்கள் பெருமளவு குறைந்தன. நோயெதிர்ப்பு குன்றியோருக்கு வரும் கொப்புளிப்பானுக்கும் இதுவே மருந்து. எல்லாவற்றிலும் மேலாக, வைரசுக்கும் எமக்கும் இடையில் வேறுபாடு உண்டு, தேடினால் அகப்படும் என்று மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியது இதற்குப் பிறகே.

எச்.ஐ.வி.யும் விலையும்

எலியன் 1983இல் ஓய்வுபெற்றார். அடுத்த ஆண்டில், அவர் பழக்கிய குழுவினர் எயிட்ஸ் நோய்க்கு மருந்து தேடத் தொடங்கினார்கள். டெட்ரொய்ட் நகரில் ஜெரோம் ஹோர்விட்ஸ் 1964இல் புற்றுநோய்க்கென உருவாக்கி, பயனில்லையென்று கைவிட்ட சிடோவுடின் என்ற நியூக்கிளியோசைட்டை ஜனெற் றைடவுட் என்ற பெண் இரசாயனவியலாளர் பரிசோதனைக்குத் தெரிந்தெடுத்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகத்தில் ஹிரோவாகி மித்சுயாவும் சாமுவேல் புரோடரும் அது எச்.ஐ.வி.யைத் தடுப்பதை உறுதிசெய்தார்கள். 1987 மார்ச் மாதத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரான முதல் மருந்தாக அது அனுமதி பெற்றது.

ஓராண்டுச் சிகிச்சைக்கு ஏறத்தாழ 10,000 டொலர் விலை வைக்கப்பட்டது. நோயாளர்களும் அவர்களது நண்பர்களும் 1989இல் நியூயோர்க் பங்குச் சந்தைக்குள்ளேயே சென்று எதிர்ப்புத் தெரிவித்தபின் விலை சற்றுக் குறைந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பனி, இரண்டு நியூக்கிளியோசைட்டுகள் அடங்கிய மும்மருந்துக் கூட்டை நாளொன்றுக்கு ஒரு டொலருக்கும் குறைவாகத் தர முன்வந்த பிறகுதான், ஆபிரிக்காவின் ஏழை நோயாளர்களுக்கு அது எட்டக்கூடியதாயிற்று. மருந்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை நோயாளரின் கையில் சேர்ப்பது மீதிப் பாதி. எமது நாட்டில் இதனை முன்கூட்டியே உணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. வணிகப் பெயர்களை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் வாங்கினால் ஏழைக்கும் கட்டுப்படியாகும் என்ற அவரது கொள்கையிலேயே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது.

சிடோவுடின் இன்னொரு கதவையும் திறந்தது. தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கும் அதனைக் கொடுத்தால், பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 25 அளவிலிருந்து 8 அளவுக்குக் குறைகிறதென 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. பின்வந்த மருந்துக் கூட்டுகள் அதனை மேலும் குறைத்தன. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை ஏற்றுக்கொண்டது. மருத்துவ மாதுக்களும் தாதியரும் வைத்தியர்களும் ஊர் ஊராகக் கர்ப்பிணித் தாய்மாரைப் பரிசோதித்துப் பெற்ற பேறு அது. அப்பணியில் நின்றவர்களில் எம்மவரும் இருந்திருப்பார்கள்.

ஒட்டுண்ணிக்கான வழி

இனி அலோபியூரினோல். மனித உடல் பியூரினைத் தானே ஆக்கிக்கொள்ளும். மலேரியா ஒட்டுண்ணி, லீஷ்மேனியா, டிரிப்பனோசோமா ஆகியவற்றால் அது முடியாது. நாம் சமைத்துச் சாப்பிடுகிறோம் என்றால், அவை எமது சட்டியிலிருந்து எடுத்துச் சாப்பிடுகின்றன. எடுப்பதற்கென்றே அவற்றிடம் சிறப்பான நொதியங்கள் உண்டு. ஏசைக்ளோவிரின் கதையைப் படித்தவர்களுக்கு அடுத்த யோசனை தானாகவே வரும்: எடுக்கும் கையில் போலியைக் கொடுத்தால் என்ன?

1970களின் பிற்பகுதியில் ஜோசப் மார், றன்டொல்ஃப் பெரன்ஸ் ஆகியோர் எலியனின் குழுவோடு சேர்ந்து இதனைச் செய்துபார்த்தார்கள். லீஷ்மேனியா, அலோபியூரினோலைப் பியூரினென்று நம்பி எடுத்து நியூக்கிளியோதைட்டாக மாற்றி, தன் ஆர்.என்.ஏ.க்குள்ளேயே கோத்துக்கொண்டது, அதனாலேயே அழிந்தது. மனித உடலிலோ இது மூட்டு நோயாளர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் சாதாரணக் குளிசை. வைரசுக்குப் பொருந்திய அதே தருக்கம் ஒட்டுண்ணிக்கும் பொருந்தியது.

ஆனால் கண்ணாடிக் குழாயில் கிடைத்த வெற்றி நோயாளரில் அப்படியே கிடைக்கவில்லை. எமது உடல் அலோபியூரினோலை விரைவாக வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. அந்தத் தடையைத் தாண்டவென அலோபியூரினோலின் நியூக்கிளியோசைட்டு வடிவத்தையே கொடுத்துப் பார்த்தார்கள். வாயால் உட்கொண்டபோது குருதியில் போதிய அளவு சேரவில்லை. நோயாளரில் நடந்த பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன. இன்று லீஷ்மேனியாவுக்கு அலோபியூரினோல் முறையாகப் பயன்படுவது பெரும்பாலும் நாய்களுக்குத்தான்.

இத்தகைய இடர்ப்பாடுகள் வைரசுப் பக்கத்திலும் இருந்தன. முதற் பொருள் நச்சாயிருந்தால் இரண்டாவது, அது குருதியில் சேராவிட்டால் மூன்றாவது என்று இருபது, முப்பது ஆண்டுகள் பணத்தையும் ஆட்களையும் இட்டு அவற்றைத் தாண்டினார்கள். ‘சி’ வகை ஈரல் அழற்சிக்கான சொபொஸ்புவிர் 2013 டிசம்பரில் அனுமதி பெற்றபோது, 12 கிழமைச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 84,000 டொலர் விலை வைத்தார்கள், வாங்க ஆளிருந்தது. கொவிட் காலத்தில் பயன்பட்ட ரெம்டெசிவிர், முன்பு வேறு வைரசுகளுக்கென ஆராய்ந்து எடுத்துவைத்த நியூக்கிளியோசைட்டு வேலையிலிருந்து வந்தது. லீஷ்மேனியா நோயாளர் பீகாரிலும் சூடானிலும் குடிசைகளில் இருக்கிறார்கள். அவர்களுக்காக அடுத்த முப்பது ஆண்டைச் செலவிட எந்தக் கம்பனியும் அதே அளவில் முன்வரவில்லை. இரசாயனவியல் பாதி வழியில் நின்றதற்கு இரசாயனவியல் மட்டும் காரணமல்ல.

எமது நாட்டில் உள்நாட்டிலேயே தொற்றிய முதலாவது தோல் லீஷ்மேனியா நோயாளர் 1992இல் இனங்காணப்பட்டார். மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்நோய் இன்று அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களில் பரவியிருக்கிறது. 2008 முதல் சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று. கொல்வதில்லை, ஆனால் முகத்திலும் கையிலும் மாதக்கணக்கில் ஆறாத புண்ணையும் பிறகு தழும்பையும் விடுகிறது. ஒரு இளம்பெண்ணின் கன்னத்தில் அது என்னவாகும் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிகிச்சை, புண்ணுக்குள்ளேயே கிழமைக்குக் கிழமை அந்திமனி மருந்தை ஊசியால் ஏற்றுவது, அல்லது திரவ நைதரசனால் உறையச் செய்வது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி கல்கத்தாவில் அந்திமனிக் கூட்டொன்றைக் காலா அசாருக்குக் கொடுத்து ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகின்றன. எமது கல்லூரியின் வயது அதற்கும் இருக்கும். அந்த நூறாண்டுக்குள் ஹேர்ப்பிசுக்குக் குளிசை வந்தது, எச்.ஐ.வி.க்குக் குளிசை வந்தது; ஆறாத புண்ணோடு வரும் கமக்காரப் பெண்ணுக்கு இன்னும் ஊசிதான்.

பழைய மாணவியின் கடன்

1988இல் எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும் பிரித்தானியாவின் ஜேம்ஸ் பிளாக்குக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது எலியனுக்கு 70 வயது. அத்துறையில் அப்பரிசைப் பெற்ற ஐந்தாவது பெண் அவர். பரிசை விடத் தமக்குப் பெரிதென அவர் கருதியது, தம் மருந்தால் பிழைத்தவர்களும் அவர்களது பெற்றோரும் எழுதிய கடிதங்களை. ஹன்டர் கல்லூரியை அவர் மறக்கவில்லை. இரசாயனவியலிலும் உயிர் இரசாயனவியலிலும் மேற்படிப்புப் படிக்கும் பெண்களுக்கென அங்கு புலமைப்பரிசில் நிதி ஏற்படச் செய்தார். தமக்கு 1937இல் கிடைக்காத உதவி எதுவோ, அதையே அடுத்த தலைமுறைக்கு வைத்துச் சென்றார். 1999 பெப்ரவரி 21ஆம் திகதி காலமானார்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் கொழும்பிலும் ஊரிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, எமது பழைய மாணவியர் சங்கம் கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் உதவுவது போல, ஆய்வுகூடத்துக்கும் மனமுவந்து உதவ வேண்டும் என்பது என் வேண்டுகோள். முகவையும் அளவியும் தராசும் இருந்தால் போதாது. உயர்தரம் முடித்த பிள்ளை வீட்டு நிலைமையால் ஆய்வுப் படிப்பைக் கைவிடாதிருக்க, ஒவ்வொரு ஆண்டும் ஒரு பிள்ளைக்கேனும் கைகொடுக்க வேண்டும். ஒட்டுண்ணி எங்கிருந்து எடுக்கிறதென்று தெரியும். அதன் கையில் எதைக் கொடுத்தால் அழியும் என்பதும் பாதி தெரியும். மீதிப் பாதிக்கு, அந்தப் புண்ணைத் தன் ஊரிலேயே பார்த்த ஒருத்தி ஆய்வுகூடத்துக்குள் வரவேண்டும். அவள் இப்போது எமது கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ இருக்கலாம். அவள் போகும் வழியில் மூடிய கதவு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது, நூறாண்டு கண்ட எமது கல்லூரியின் பழைய மாணவிகளாகிய எம் கடன்.